பதினோரு மணி வெயில்

அயோத்தியாப்பட்டணம் தாண்டி
ஆத்தூர் ரோட்டில் எங்கள் மில்.
ஒன்றரை ஏக்கர் சிமெண்டுக் களத்தில்
ஜவ்வரிசி காய்கிறது.
கால்மணிக்கொரு தரம் கிளறிவிட வேண்டும்,
அடியில் கிடப்பதும் வெயிலைப் பார்க்கும்படி.

வெள்ளைக்குத்தான் விலை.
மேனேஜர் ஒரு பிடி அள்ளி
கருப்புத் துணிமேல் பரப்புவார்.
"நல்லா வெளுத்திருக்கு" என்பார்.
அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்.
எதுவும் சொல்ல மாட்டார்.
தாடையில் ஏழு. நெற்றியில் எண்ணவில்லை.

சித்திரையில் வேலைக்குச் சேர்ந்தபோது
வெயில் என் கட்சி என்றுதான் நினைத்தேன்.
மூன்றாம் நாளே பருக்கள் சுருங்கின,
எண்ணெய் வற்றி முகம் காகிதமானது.
முகமே கருத்துவிட்டதால்
சிவப்பு தெரியவில்லை, அவ்வளவுதான்.
"வெயில்ல காஞ்சா எல்லாம் போயிரும் புள்ள"
தராசுப் பக்கமிருந்து செண்பகவல்லி சொன்னாள்.
நம்பினேன்.
துப்பட்டாவை அவிழ்த்துவிட்டு
அண்ணாந்து நின்றேன், கிழங்கு மாவு மாதிரி.

மூன்றாம் வாரம்
போனதெல்லாம் திரும்பி வந்தது,
சொந்தக்காரர்களையும் கூட்டிக்கொண்டு.
உதிர்ந்த இடங்களில் புள்ளிகள். மிளகு நிறம்.
பரு ஒரு வாரத்தில் போய்விடுகிறது,
அது விட்டுப்போன நிழல்
தீபாவளிவரை இருந்துவிட்டுத்தான் கிளம்பும் போல.

பெரியாஸ்பத்திரி, தோல் பிரிவு,
டோக்கன் நூற்றுப் பதினான்கு.
"சுடர்மொழியா? பேர்லயே வெயிலா?"
டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார்.
"ஆறின புண்ணு மேல வெயில் மை தடவுது.
மருந்து ராத்திரி மட்டும், பட்டாணி அளவு.
அதைப் போட்ட தோலு வெயில் தாங்காது.
பத்துல இருந்து நாலு வரைக்கும் வெளிய போகாத."

என் வேலை
பத்திலிருந்து நாலு வரை.
சொன்னேன்.
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு ஒரு சன்ஸ்கிரீன் பெயர் எழுதினார்,
பிசுபிசுக்காதது, ஜெல்.
அக்ரஹாரத்து மெடிக்கலில் விலை கேட்டேன்:
ஒன்றரை நாள் கூலி. ஐம்பது கிராம்.
மூன்று மணிக்கொரு தரம் பூசினால் எத்தனை நாள் வரும்?
கணக்குப் போட்டேன்.
பிறகு கணக்கை விட்டேன்.

ஆடிப்பதினெட்டு ஞாயிறில் விழுந்தது.
நானும் மல்லீஸ்வரியும் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினோம்.
இருபது கொண்டை ஊசி வளைவு,
பதினாறில் அவளுக்கு வாந்தி.
மேலே மேகம் ரோட்டில் நடந்துகொண்டிருந்தது.
கை சில்லிட்டது. வெயிலே இல்லை.
ஒரு நாள் ஜெல் மிச்சம் என்று
பையிலேயே விட்டுவைத்தேன்.
ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி.
லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைத் தேடினோம்,
மேகம் விலகின இடத்தில்
மேக்னசைட் வெட்டிய மண் மட்டும்
சுண்ணாம்பு வைத்த காயம்போல் தெரிந்தது.

திங்கள் காலை முகம் எரிந்தது.
மூக்கு உரிந்தது.
மேகம் வடிகட்டியது சூட்டை மட்டும்தானாம்.
வெளிச்சத்துக்குள் இருக்கும் மற்றது,
கண்ணுக்கும் கைக்கும் தெரியாதது,
மலைமேல் இன்னும் கூடுதலாம்.
சுடாமலே சுட்டிருக்கிறது.
களத்து வெயிலாவது
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும்.

இப்போது
தொப்பி, பருத்தித் துணி, அதற்கடியில்
வேர்வையோடு மல்லுக்கட்டும் ஜெல்.
மதியம் துணியை மாற்றிக்கொள்கிறேன்,
நனைந்த துணி உரசினால்
பரு அதையும் சாக்காக வைத்துக்கொண்டு வருகிறது.
ஞாயிறுதோறும் ஒரே ஜன்னலோரம்
மொபைலில் படம் எடுக்கிறேன்.
மங்குகிறதா? ஒரு வாரம், ஆமாம்.
மறுவாரம், ஜன்னல் சரியில்லை.

நேற்று மேனேஜர் ஒரு பிடி அள்ளினார்.
"கொஞ்சம் பழுப்படிக்குது.
இன்னொரு நாள் காயட்டும்."
அவர் போன பிறகு
துணி அங்கேயே கிடந்தது.
குனிந்து கன்னத்தை அதன்மேல் வைத்துப் பார்க்கலாமா என்று
ஒரு நொடி தோன்றியது.
கிளறுபலகையை எடுத்தேன்.
மணி பதினொன்று.